பேனலுக்குள் வராத அம்மாக்கள்

"அம்மாவுக்குத் தனியா போன் கிடையாதுங்க மேடம். நான்தான் பதில் போட்டேன்."

பேசிய பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. எங்கள் பேனலில், அதாவது காசு வாங்கிக்கொண்டு ஆன்லைன் சர்வேக்களுக்குப் பதில் சொல்பவர்களின் பட்டியலில், அந்த எண்ணுக்கு நேரே "பெண், 52, இல்லத்தரசி, திண்டுக்கல்" என்று இருந்தது. பாக்கெட் இட்லி மாவு பற்றிய சர்வே. சரிபார்க்க அன்று நான் கூப்பிட்ட பன்னிரண்டு எண்களில் ஐந்தில் இதே கதை. மகன், மருமகள், ஒரு வீட்டில் கணவர்.

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. ஐம்பது தாண்டிய பெண்களின் குவோட்டா, அதாவது இத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு, நிரம்பவில்லை என்று அந்த வாரம் ரிவார்டை இரண்டு மடங்காக்கியது நாங்கள்தான். முதல் கேள்வியே வயது. உண்மையைச் சொன்னால் "நன்றி" என்று மூடிக்கொள்ளும். வேறொரு மெயில் ஐடியில் வந்து 52 என்று போட்டால் திறக்கும். எதைச் சொன்னால் காசு வரும் என்று நாங்களே கற்றுக்கொடுத்திருந்தோம்.

பேனலுக்கு ஆள் சேர்ப்பது அப்போது என் வேலை. ஒரு பதிவுக்கு ஆகும் செலவு குறைய வேண்டும் என்று அமைத்துவிட்டால், ஃபேஸ்புக் விளம்பரம் சட்டென்று கிளிக் செய்கிறவர்களையே தேடிப் போகும். நண்பரைச் சேர்த்தால் பாயிண்ட்ஸ் என்றபோது ஒரே கல்லூரி விடுதியிலிருந்து கும்பலாக வந்து சேர்ந்தார்கள். எண்ணிக்கை ஏறியது, எல்லோருக்கும் சந்தோஷம். வராதவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33.3 சதவீதம்தான், ஆண்கள் 57.1. அதுவும் 49 வயதுக்குள் இருக்கிற பெண்களின் கணக்கு. திண்டுக்கல் அம்மா அதிலேயே வரமாட்டார்.

"ஆள் குறைஞ்சா வெயிட் போட்டுக்கலாம்" என்பார்கள். கிடைத்த ஒரு பெண்ணை நான்கு பேராக எண்ணுவது. ஆனால் போனில் படிவம் நிரப்பும் 52 வயதுக்காரர் வேறு, போனே இல்லாதவர் வேறு. அமெரிக்காவில் 2021-ல் ஃபேஸ்புக் வழியாக வாரம் சுமார் இரண்டரை லட்சம் பேரிடம் கொரோனா தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டார்கள். வயதுக்கும் பாலினத்துக்கும் வெயிட் போட்டார்கள், படிப்புக்குப் போடவில்லை. மே மாதத்தில், ஊசி போட்டவர்கள் எத்தனை சதவீதம் என்ற அந்தக் கணக்கு உண்மையைவிட 17 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக இருந்தது. படிப்பையும் சேர்த்திருந்தால் கொஞ்சம் குறைந்திருக்கலாம். ஆனால் லிங்க்கைத் தொடாமலே போனவரின் மனசு எந்த வெயிட்டிலும் வராது என்பது என் எண்ணம்.

"அம்மாகிட்ட போனைக் குடு தம்பி" என்றேன். பையன் போட்ட பதில்: வாரம் இரண்டு பாக்கெட்.

"கடை மாவா? ரேஷன் அரிசியை ஊறப்போட்டு நானே ஆட்டிருவேன்மா. இவனுக்குக் கடை மாவே ஆகாதே" என்றார் அவர்.

அந்த ஐந்து எண்களிலிருந்து வந்த பதில்களையும் நீக்கினேன். குவோட்டா தாளில் அந்தக் கட்டத்துக்கு நேரே "நிரம்பவில்லை" என்றே எழுதி அனுப்பினேன்.