மஞ்சள் கோடு

எங்கள் சரித்திர மாஸ்டர் ஒருநாள் கரும்பலகையில் ‘பீகானேர்’ என்று ராஜஸ்தானிலுள்ள ஒரு நகரத்தின் பெயரை எழுதி, ‘பீகா’வுக்குக் கீழே வெள்ளைக் கோடும் ‘நேர்’ என்பதற்குக் கீழே மஞ்சள் கோடும் இழுத்தார்.

வெள்ளைக் கோட்டின் கதையை வேகமாக முடித்துவிட்டார். பீகா, ஜோத்பூரை நிறுவிய ராவ் ஜோதாவின் மகன். சபையில் தகப்பனின் சகோதரர் காந்தலோடு அவர் குசுகுசுத்ததைக் கண்டு, “புது நாடு பிடிக்க யோசனையோ?” என்று ஜோதா கேட்டாராம். அந்தச் சொல் தைத்தது. 1465இல் வடக்கே புறப்பட்டவர், தேஷ்னோக் என்ற ஊரில், தெய்வமாகப் போற்றப்பட்ட கர்ணி மாதா என்ற பெண் துறவியின் ஆசி பெற்று, ஜாங்கள தேசம் என்ற வறண்ட நிலத்தில் 1488இல் நகரம் கண்டார்.

மாஸ்டர் நின்று சொன்னது மஞ்சள் கோட்டைப் பற்றித்தான். கோட்டை கட்டப் பிடித்துப்போன நிலம் நேரா என்ற ஜாட் குடியானவருடையது. “தாறன், ஆனால் என்ரை பேரையும் ஊரோடை சேர்க்கவேணும்” என்று நேரா கேட்டதாக மாஸ்டர் எங்கள் பேச்சிலேயே சொன்னார். “பிள்ளையள், காணிக்காரனை மறந்துபோகாதேங்கோ.”

பிறகு லண்டனில் ஒரு நூலகத்தில், ‘நகர்’ என்பதே பிராகிருதத்தில் ‘நயர’ ஆகி ‘நேர்’ என்று தேய்ந்தது, சாங்கானேர், சாம்பானேர் எல்லாம் அப்படித்தான் என்று வாசித்தேன். விளக்கம் சரியாகத்தான் பட்டது. ஆனாலும் யாரோ என் காணியைப் பறித்ததுபோல இருந்தது.

பல வருடங்களுக்குப் பின் பீகானேருக்கே போனேன். விக்ரம ஆண்டு 1545 (அதாவது 1488), வைசாக மாத வளர்பிறைத் துவிதியை, சனிக்கிழமை என்று ஊர் பிறந்த நாளை அங்கே ஈரடிப் பாட்டாக வைத்திருக்கிறார்கள். அந்த நாளிலும் மறுநாள் அட்சய திருதியையிலும் கொதிக்கிற வெயிலில் மொட்டைமாடியெல்லாம் பட்டம் ஏற்றுவார்கள். ஒரு மாடியில் எனக்குக் கிச்சடா என்ற தானியப் பொங்கல் தந்து, வெல்லம் கரைத்த புளித்தண்ணியும் வார்த்தார் ஒரு மூதாட்டி. ஊர்ப் பெயரைப் பற்றிக் கேட்டேன். செம்பைக் கீழே வைத்து இரண்டு சுட்டுவிரல்களையும் ஒட்டிக் காட்டினார்: “பீகா, நேரா.”

அன்றிரவே மாஸ்டருக்குக் கடிதம் எழுதினேன். பதில் அஞ்சலட்டையில் இரண்டே வரி: “சந்தோஷம். அடுத்தமுறை கோட்டாவுக்குப் போ.” ராஜஸ்தானின் இன்னொரு நகரமான கோட்டாவின் பெயர் கோட்டியா என்ற பில் பழங்குடித் தலைவனுடையது என்பார்கள். அவன் நிலத்தைக் கொடுக்கவில்லை. ஹாடா ராஜபுத்திரரோடு பொருது மாண்டான்.

நான் இன்னும் கோட்டாவுக்குப் போகவில்லை. கடிதம் எழுத இப்போது மாஸ்டரும் இல்லை.