கூடையில் நான்கு அப்பங்கள்

பெத்லகேம் என்னும் எபிரேயப் பெயருக்கு ‘அப்பத்தின் வீடு’ என்று பொருள். சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்த இந்தச் செய்தி, அங்குள்ள இயேசு பிறப்புப் பேராலயத்தின் தாழ்ந்த வாயிலில் குனிந்து நுழைந்து, குகைக்கு இறங்கும் படிகளில் நின்றபோதுதான் எனக்குள் வேறுவிதமாக ஒலித்தது. இயேசு பிறந்த இடத்தைக் குறிக்கும் பதினான்கு முனைகள் கொண்ட வெள்ளி விண்மீனைத் தொட்டு முத்தமிட எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். என் கண்கள் அதற்குச் சற்றுத் தள்ளி, தீவனத் தொட்டி இருந்ததாக வணங்கப்படும் சிறிய இடத்திலேயே நின்றுவிட்டன. தீவனம் வைக்கும் இடத்தில் குழந்தையைக் கிடத்தினார்கள் என்று நற்செய்தியாளர் லூக்கா எழுதும்போது, உணவு இருக்க வேண்டிய இடத்தில் இவர் இருக்கிறார் என்றல்லவா சொல்லாமல் சொல்கிறார்! பழைய ஏற்பாட்டில், பஞ்சத்தால் நகோமியின் குடும்பம் விட்டுப் போனதும், பின்னர் வாற்கோதுமை அறுவடை தொடங்கும் வேளையில் அவர் மருமகள் ரூத்தோடு திரும்பி வந்ததும் இந்த ஊர்தான். அப்பத்தின் வீட்டில் அப்பம் இல்லாத நாள்களும் இருந்திருக்கின்றன.

அங்கிருந்து வடக்கே கலிலேயாவுக்குச் சென்றோம். ஏரிக்கரை ஊரான கப்பர்நாகுமில் வழிகாட்டி எங்களை வெண்சுண்ணாம்புக் கல்லாலான யூதத் தொழுகைக்கூடத்தின் தூண்களை நோக்கி விரைவுபடுத்தினார். எனக்கோ வெளியில் வைத்திருந்த கருங்கல் திரிகைகளை விட்டு நகர மனம் வரவில்லை. எரிமலைக் கல்லில் செய்த அவற்றின் மேற்பரப்பு முழுதும் சிறுசிறு துளைகள். விரலால் தடவினால் அரம்போல் உராய்கிறது. மணியாக இருக்கும்வரை கோதுமை அப்பமாகாது. இந்தக் கற்களுக்கிடையே நொறுங்கி, நீரில் குழைந்து, நெருப்பில் வெந்தாக வேண்டும். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமைக்குச் சாவதற்காக இட்டுச்செல்லப்பட்ட அந்தியோக்கு ஆயர் இஞ்ஞாசியார், தம்மைக் கடவுளின் கோதுமை என்றும், விலங்குகளின் பற்களால் அரைபட்டுக் கிறிஸ்துவின் தூய அப்பமாக வேண்டும் என்றும் எழுதியதை, அந்தக் கல்லைத் தொட்டபின் இலேசாக வாசித்துவிட முடியாது.

இன்று நாம் காணும் தொழுகைக்கூடம் இயேசுவின் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது. அதன் அடியில்தான் கருங்கல் அடித்தளம் தெரிகிறது. இவ்வூர்த் தொழுகைக்கூடத்தில்தான் “வாழ்வு தரும் உணவு நானே” என்ற போதனை நிகழ்ந்ததாக யோவான் நற்செய்தி கூறுகிறது. பழைய மொழிபெயர்ப்பில் அது “ஜீவ அப்பம் நானே” என்றிருக்கும். எனக்கு அந்தப் பழைய சொல்லே பிடிக்கும். ‘உணவு’ என்றால் பொதுவாக நின்றுவிடுகிறது, ‘அப்பம்’ என்றால்தான் பிட்கத் தோன்றுகிறது. அந்தப் பேச்சைக் கேட்ட சீடர் பலர், இது கடினமானது என்று விலகிப் போனார்கள். முந்தின நாள் ஒரு சிறுவனின் ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் இயேசு பெருகச் செய்து கொடுக்க, வயிறார உண்டவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

அவர்கள் உண்ட இடமாக நினைவுகூரப்படும் தப்கா, கப்பர்நாகுமிலிருந்து மூன்று கிலோமீட்டர் தொலைவுதான். ‘ஏழு ஊற்றுகள்’ என்னும் கிரேக்கப் பெயரே திரிந்து தப்கா ஆயிற்றாம். 1982-இல் எழுப்பப்பட்ட இன்றைய ஆலயத்தில், பீடத்துக்கு முன்னால் தரையில் ஐந்தாம் நூற்றாண்டின் கற்பதிவு ஓவியம் இருக்கிறது: இருபுறமும் மீன்கள், நடுவே ஒரு கூடை, அதில் சிலுவைக் குறியிட்ட அப்பங்கள். எண்ணிப் பார்த்தேன், நான்குதான். சிறுவன் கொண்டுவந்தவையோ ஐந்து வாற்கோதுமை அப்பங்கள், ஏழைகளின் அப்பங்கள். ஐந்தாவது அப்பம் பீடத்தின்மேல் இருக்கிறது என்று அங்கே விளக்கம் சொல்வார்கள். ஓவியர் அப்படி நினைத்தாரோ இல்லையோ, முழங்காலில் நின்று பார்ப்பவருக்கு அந்த விளக்கம் போதும். எடுத்து, நன்றி கூறி, பிட்டு, கொடுத்த அதே செயல்கள் இயேசுவின் இறுதி இரவுணவிலும், அவர் உயிர்த்தெழுந்தபின் எம்மாவு ஊரிலும் திரும்ப வருகின்றன. எம்மாவுச் சீடர்கள் வழியெல்லாம் உடன் நடந்தவரை, அவர் அப்பத்தைப் பிட்டபோதுதான் கண்டுகொண்டார்கள்.

எங்கள் குழுவுக்கு ஏரிக்கரையில் திறந்தவெளிப் பீடத்தில் திருப்பலி. காற்று வீசிக்கொண்டே இருந்ததால், அருள்தந்தை அப்பத்தைப் பிட்ட மெல்லிய ஒலி முன்வரிசைக்கு மட்டுமே கேட்டிருக்கும். நற்கருணை வழங்கி முடித்தபின் அவர் அப்பத் தட்டைக் கிண்ணத்தின்மேல் சாய்த்து, ஒட்டியிருந்த துகள்களை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினார். எஞ்சிய துண்டுகளை வீணாக்காமல் சேர்க்கச் சொன்ன கரை அது. ஒரு துகள் மட்டும் தட்டின் விளிம்பிலேயே நின்றது. காற்று அதைக் கொண்டுபோகாதபடி மறு கையால் மறைத்துக்கொண்டு, அதையும் கிண்ணத்துக்குள் சேர்த்து, நீர் ஊற்றிப் பருகினார்.