ஒரே முகம், நான்கு தலை: அகஸ்டஸ் காசைப் பெரிதாக வார்த்துப் பார்த்தது

மாதிரிக்கு எடுத்தது, லுக்டூனத்தில் (இன்றைய லியோன்) கி.மு. 2 முதல் அடிக்கப்பட்ட, முதல் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் வெள்ளி தினாரியஸ் காசு. அசல் 18 மி.மீ. தான். அதை 10 செ.மீ. வட்டாகப் பெருக்கினால் விரல் வைத்து வேலை பார்க்கலாம். இத்தாலிய ஓவியர் பிசனெல்லோ 1438 வாக்கில் பைசாந்தியப் பேரரசர் எட்டாம் யோவானுக்கு வார்த்த பதக்கமும் ஏறக்குறைய இதே அளவு. ரோமக் காசின் பக்கவாட்டு முகத்தை மறுமலர்ச்சிக்கால இத்தாலிய அரசவைகளுக்கு மறுபடி பழக்கிவிட்டது அதுதான்.

இந்தக் காசு வெளிவந்தபோது அகஸ்டஸுக்கு வயது 60. காசில் இருப்பதோ 25 வயது முகம். அப்படியானால் ஆளைப் பேரரசனாகக் காட்டுவது முகமா, தலையில் இருப்பதா? அதைப் பார்க்கத்தான் ஒரே முகத்துக்கு நான்கு தலை.

முகம்: 15 செ.மீ. பளபளப்பு ஓட்டில் (டைல்ஸ்) 4 மி.மீ. கனத்தில் வட்டமான தரை. அதன்மேல் எண்ணெய்க் களிமண்ணில் தலை. மிக உயரமான இடம் கன்ன எலும்பும் காதுக்கு முன்பகுதியும், தரையிலிருந்து 5 மி.மீ. மூக்கு, உதடு, தாடை ஓரம் எல்லாம் 2 மி.மீ.க்கு இறங்க வேண்டும். முதல் சுற்று இங்கேதான் கெட்டது. ஓரம் முழுக்க ஒரே உயரத்தில் செங்குத்தாக நின்றதால், பிஸ்கட்டை வெட்டித் தட்டில் ஒட்டிய மாதிரி இருந்தது. கண்ணும் தப்பு. பக்கவாட்டில் கண் பாதாம் வடிவில் வராது. மூக்குப் பக்கம் திறந்து, காதுப் பக்கம் குவியும் முக்கோணம் அது. டார்ச்சை இடது மேலிருந்து தாழ்வாகச் சாய்த்து அடித்துப் பார்த்தபடியே திருத்தினால் இரண்டு தவறும் உடனே தெரியும். மேல்விளக்கில் ஒன்றுமே தெரியாது.

கழுத்தை நீளமாக விடுங்கள். தாடைக்குக் கீழே ஒரு மூக்கு நீளமாவது வேண்டும். கழுத்தைக் குறைத்தால் தலை குனிந்த மாதிரி ஆகிறது.

அச்சு: சுற்றிலும் 13 செ.மீ. விட்டத்தில் பிளாஸ்டிக் தாள் வேலி. 200 மி.லி. தண்ணீரில் 300 கிராம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். தண்ணீரில்தான் பொடியைத் தூவ வேண்டும், பொடியில் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஒரு நிமிடம் ஊறவிட்டு மெதுவாகக் கலக்குங்கள். வேகமாக அடித்தால் காற்று புகுந்து, பிறகு மூக்கு நுனியில் குமிழிப் பள்ளமாக நிற்கும். முதலில் கொஞ்சத்தைத் தூரிகையால் முகத்தில் பூசிவிட்டு, மீதியை ஓரத்திலிருந்து ஊற்றுவது நல்லது. அரை மணி நேரத்தில் பிரிக்கலாம். தாடைக்கு அடியில் களிமண் உள்வாங்கி இருந்தால் அச்சு அங்கே கவ்விக்கொண்டு உடையும்.

அச்சு காய்ந்ததும் மூன்று பூச்சு சோப்புக் கரைசல். அந்த அச்சில் 90 கிராம் பொடியை 60 மி.லி. தண்ணீரில் கலந்து ஊற்றினால் 12 மி.மீ. கனத்தில் வெறுந்தலை வார்ப்பு கிடைக்கும். ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) இரண்டு கோட் அடித்து அதையே மூலமாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தலைக்கும் மேலே களிமண் சேர்ப்பது, அச்சு எடுப்பது, பிறகு சுரண்டிவிடுவது. முகம் மாறாது.

வெறுந்தலை: யாரோ ஒரு கனவான். அவ்வளவுதான்.

லாரல் மாலை: நம் வாகை போல வெற்றிக்குச் சூடுவது. இலை குட்டி மாவிலை வடிவம், நடுநரம்பு நேர்கோடு. பிடரி முடிச்சிலிருந்து நெற்றியை நோக்கி இலை நுனிகள் ஓட வேண்டும். திருப்பி வைத்தால் காற்றில் பறக்கும் தழை போல ஆகிவிடும். எல்லா இலையும் ஒரே அளவாக இருந்தால் சீப்புப் பல். மூன்று மூன்றாகச் சேர்த்து, முன்னால் போகப் போகச் சிறிதாக்க வேண்டும். பெரிய ஆச்சரியம் பிடரியில் தொங்கும் நாடா. இலைகளை மட்டும் வைத்தபோது திருவிழா வேஷம். 1 மி.மீ. கனத்தில் இரண்டு நாடா நுனிகளைக் கழுத்தோரம் இறக்கியதும் பேரரசன். 1807 முதல் நெப்போலியன் காசிலும், 1817ல் பிஸ்ட்ருச்சி செதுக்கிய மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் சாவரின் என்ற பிரிட்டிஷ் பொற்காசிலும் இதே இலை, இதே நாடா.

கதிர் முடி: நீரோ காலத்திலிருந்து துபோந்தியஸ் பித்தளைக் காசில் வருவது, சூரியக் கடவுளின் சாயல். அடி அகலமாக, நுனி மெலிந்து வர வேண்டும். நுனி 1 மி.மீ.க்குக் கீழ் போனால் அச்சிலேயே முறிந்து தங்கும். இரண்டு வார்ப்பு அப்படிப் போனது. அழகில் இதுதான் கடைசி. முகத்தைப் பார்க்கவே விடாது.

மணிப்பட்டை: மன்னராட்சி வாடை என்று ரோமர் ஒதுக்கிவைத்த தலைப்பட்டையைப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 324க்குப் பிறகு அணிந்தார். செய்ய மிக எளிது, 3 மி.மீ. பட்டையும் ஊசிமுனையால் குத்திய முத்துகளும் போதும். ஆனால் அகஸ்டஸ் முகத்தில் ஒட்டவில்லை. பட்டை அணிந்த கான்ஸ்டன்டைன் காசுகளில் கண்மணி மேலே வானத்தைப் பார்க்கிறது. கண்மணியை 1 மி.மீ. உயர்த்திய பிறகே பட்டை இடம் பிடித்தது. முகம் மாறாது என்ற விதி இங்கே ஒருமுறை மீறப்பட்டது.

எழுத்து: அச்சில்தான் வெட்ட வேண்டும், இடவலம் மாற்றி. காசின் வட்டத்தில் 'தெய்வத்தின் மகன்', 'நாட்டின் தந்தை' என்ற பட்டங்கள் லத்தீனில் ஓடும். வட்டத்தை முன்பே பென்சிலால் பிரித்துக் குறிக்காவிட்டால் 'தந்தை' பிடரிக்குள் நெருங்கிவிடும்.

மிஞ்சிய வார்ப்பு ஒன்றில் உளிவெட்டும் போட்டாயிற்று. 1898ல் புதுக்கோட்டையில் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் தலையின் குறுக்கே அப்படியொரு வெட்டு உண்டு. காய்ந்த வார்ப்பில் வெட்டினால் வட்டே இரண்டாகப் பிளக்கும். வார்த்த ஒரு மணி நேரத்துக்குள், 6 மி.மீ. உளியால், நெற்றியிலிருந்து காதை நோக்கி ஒரே தட்டு. கண்ணும் கன்னமும் போய்விட்டன. மாலையும் நாடாவும் மட்டும் அப்படியே நின்றன.