பத்மினியின் இரண்டு சத்தங்கள்

செம்பூரில் எங்கள் குடியிருப்பின் பின்புறம் நிற்கும் பிரீமியர் பத்மினி கார், என் அப்பா 1986இல் வாங்கியது. குர்லா தொழிற்சாலையில் உருவாகி, ரயிலில் இரண்டு நிலையம் தள்ளியிருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதன் பிறகு மும்பையை விட்டு வெளியே அதிகம் போனதில்லை. சென்ற ஜூலை மாதத்தில், மழை நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்த நாட்களில், ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் ஏதோ சத்தம் வரத் தொடங்கியது. வண்டியை நிறுத்துமிடத்தில் மெல்ல ஒடிக்கும்போது ‘கிரீச்’ என்றும், சாலைப் பள்ளத்தில் இறங்கும்போது ‘டொக்’ என்றும் கேட்டது. இரண்டையும் ஒரே கோளாறு என்றே நான் நினைத்துக்கொண்டேன். எல்லாத் தடுமாற்றமும் அங்கிருந்துதான் தொடங்கியது.

முதலில் காட்டிய பட்டறையில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டியரிங்கின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல்பெட்டியான ஸ்டியரிங் பாக்ஸ் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். அதுவரைக்கும் போதும் என்று, பாக்ஸின் மேலிருக்கும் சரிசெய்யும் திருகைச் சற்று இறுக்கியும் கொடுத்தார்கள். சத்தம் குறையவில்லை, மாறாக, திருப்பத்தில் ஒடித்துவிட்டுக் கையைத் தளர்த்தினால் தானாக நேராகும் ஸ்டியரிங், ஒடித்த இடத்திலேயே நிற்கத் தொடங்கியது. இதன் காரணம் எளிமையானது. வண்டி பெரும்பாலான நேரம் நேராகவே ஓடுவதால், பாக்ஸுக்குள் இருக்கும் திருகுப்பல் நடுப்பகுதியில்தான் அதிகம் தேய்கிறது. நடுவில் இருக்கும் ஆட்டத்தைப் போக்குவதற்காக இறுக்கினால், அதிகம் தேயாத இரு ஓரங்களிலும் பல் கடித்துக்கொள்ளும்.

பிறகு, தாராவியில் பல ஆண்டுகளாகப் பத்மினி போன்ற பழைய ஃபியட் வண்டிகளை மட்டுமே பார்த்துவரும் திருநெல்வேலிக்காரர் ஒருவரிடம் போனேன். அவர் வண்டியைத் தொடக்கூட இல்லை. “தம்பி, உள்ள உக்காந்து கேட்டா எல்லாச் சத்தமும் ஸ்டியரிங்குலதான் கேக்கும். கீழ படுத்துக் கேளுங்க, பொறவு வாங்க” என்றார். எனக்கு அன்று சற்று எரிச்சலாகத்தான் இருந்தது.

மழை விட்ட ஒரு ஞாயிறு காலையில் படுத்தேன். பத்மினியில் பவர் ஸ்டியரிங் கிடையாது என்பதால், எஞ்சினை அணைத்துவிட்டு அமைதியில் சோதிக்க முடிகிறது. சக்கரங்கள் தரையிலேயே இருக்க, என் மகள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து ஸ்டியரிங்கை இரண்டு விரற்கடை அளவுக்கு இடமும் வலமுமாக ஆட்டினாள். நான் ஒவ்வொரு மூட்டின் மீதும் விரலைக் குறுக்காக வைத்தேன். விரலின் பாதி, சக்கரங்களைத் திருப்பும் இரும்புத் தண்டின் மேலும், மறுபாதி அதோடு இணையும் ‘ஆர்ம்’ எனும் இரும்புக் கையின் மேலும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் மூட்டு நன்றாக இருக்கிறது. ஒன்று முந்திக்கொண்டு மற்றொன்று பின்தங்கினால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளியும் விரலுக்குத் தெரிந்துவிடும். பாக்ஸிலிருந்து இறங்கும் டிராப் ஆர்ம், அவள் ஆட்டிய கணத்திலேயே அசைந்தது. தண்டைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டுகளான டை ராட் எண்டுகளிலும் குறையில்லை. ஆனால் இடப்பக்கம், பாக்ஸுக்கு எதிர்ப்புறத்தில் தண்டைத் தாங்கி நிற்கும் ஐட்லர் ஆர்ம், பக்கவாட்டில் நகர்வதற்கு முன் மேலும் கீழுமாக ஒருமுறை துள்ளியது, துள்ளும்போதெல்லாம் ‘டொக்’. அதன் மூட்டிலுள்ள ரப்பர் வளையமான புஷ் ஊறி உப்பிப் பிளந்திருந்தது. சர்வீஸ் நிலையங்களில் வண்டியைக் கழுவிய பிறகு அடிப்பகுதிக்கு டீசல் அடித்துவிடும் வழக்கம் இருக்கிறதே, அது இரும்புக்குத் துருப்பிடிக்காமல் காக்கலாம், ரப்பரைத் தின்றுவிடும். பல ஆண்டுகள் நானே கேட்டு அடிக்கச் சொன்னதுதான்.

‘கிரீச்’ சத்தம் அங்கே இல்லை. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தபோது அது இடது முன்சக்கரத்தின் பக்கமிருந்து வந்தது. அந்தப் பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு வைத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் திருப்பினால் சத்தமே இல்லை. கீழே இறக்கியதும் மறுபடி வந்தது. பாரம் ஏறினால் மட்டும் கத்துகிறது என்றால், வண்டியின் எடையைச் சுமந்துகொண்டு திரும்பும் கிங் பின் என்னும் செங்குத்து அச்சின் அடித்தட்டில் கிரீஸ் வறண்டிருக்கிறது என்று பொருள். சக்கரத்தைத் தூக்கிய நிலையிலேயே அதன் உச்சியையும் அடியையும் பிடித்து உலுக்கியும் பார்த்தேன். சற்றே ஆட்டம் இருந்தது. மகளைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னதும் அது மறைந்துவிட்டது. பிரேக் மிதித்தும் ஆட்டம் நீடித்திருந்தால் கிங் பின் தேய்ந்திருக்கும். மறைந்ததால் அது சக்கரத்தைச் சுழலவிடும் ஹப் பேரிங்கில் இருந்த தளர்வு மட்டுமே. கிங் பின்னை மாற்றும் பெரிய செலவு அந்த ஒரு மிதியில் தப்பியது.

கிரீஸ் கன்னை மாட்டி அழுத்தினால் கீழ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சிறு முனை) வழியே எதுவும் உள்ளே போகவில்லை. உள்ளே இருந்த பழைய கிரீஸ் கல்லாக இறுகியிருந்தது. நிப்பிளைக் கழற்றி, துளையைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, புதிதாக ஒன்றைப் போட்ட பிறகுதான் இறங்கியது. இதைச் சக்கரம் தரையில் இருக்கும்போது செய்யக் கூடாது. பாரத்தில் தட்டுகள் ஒட்டிக்கொண்டிருப்பதால் கிரீஸ் அவற்றின் இடையே நுழையாமல் பக்கவாட்டில் பிதுங்கிவிடும். கறுப்பு வழிந்து, புது நிறம் வெளிவரும் வரை அடித்தேன்.

ஐட்லர் புஷ்ஷைக் குர்லா சி.எஸ்.டி. சாலையில் மூன்று கடை ஏறி இறங்கி வாங்கினேன். கடைசி பத்மினி டாக்ஸியும் 2023 அக்டோபரில் ஓய்வுபெற்ற பிறகு, இந்தப் பாகங்களை அலமாரியின் முன்வரிசையில் யாரும் வைப்பதில்லை. விலை, பாக்ஸுக்குச் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மாட்டியவர் தாராவி அண்ணாச்சிதான். சக்கரங்களை நேராக நிறுத்திய பிறகே கடைசி நட்டை முறுக்கினார். ரப்பர் புஷ்ஷை ஒடித்த நிலையில் முறுக்கினால் அது முறுக்கிக்கொண்டே கிடந்து வண்டியை ஒரு பக்கமாக இழுக்கும். பாக்ஸின் திருகையும் கால் சுற்று தளர்த்தி, முன்பக்கத்தைத் தூக்கி, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பிப் பார்த்து, எங்கும் பிடிக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, குறைந்திருந்த 90 எண் கியர் ஆயிலை ஊற்றினார். ஹப் பேரிங் வேலை சில நிமிடங்களில் முடிந்தது.

இப்போது ஸ்டியரிங் தானாக நேராகிறது. பள்ளத்தில் இறங்கினால் டயரின் சத்தம் மட்டும்தான். இடப்பக்கம் அரைச் சுற்று திருப்பும்போது ஹார்னின் தொடர்புத் தகடு மெலிதாக உரசுவது, இரண்டு பெரிய சத்தங்களும் அடங்கிய பிறகே எங்கள் காதில் விழுந்தது. அதை மழை ஓய்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். மகள் இந்த ஞாயிறே பிரித்துவிட வேண்டும் என்கிறாள்.