பேப்பருக்கு முன் பேடன்ட்: ஆய்வுக்கூடங்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்

மரபணுத் துண்டுகளை வெட்டி ஒட்டும் முறையை ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் பாயரும் 1973 நவம்பரில் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஸ்டான்ஃபோர்ட் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1974 நவம்பர் 4 அன்று. வெளியிட்ட பிறகும் விண்ணப்பிக்க அமெரிக்கச் சட்டம் தரும் ஓராண்டுச் சலுகை முடிய ஒரு வாரம்தான் பாக்கி. 1997இல் காலாவதி ஆவதற்குள் அந்தக் காப்புரிமை ஏறத்தாழ 25.5 கோடி டாலர் ஈட்டியது. ஆனால் வெளிநாடுகளில் ஒரு காசு உரிமையும் கிடைக்கவில்லை. கட்டுரை ஏற்கெனவே வெளிவந்துவிட்டதால் அங்கே அது ‘புதியது’ அல்ல.

நம் ஆய்வுக்கூடங்களில் இன்றும் இதே வரிசைதான்: முதலில் பேப்பர், பிறகு வைவா, கடைசியில் பேடன்ட். அமெரிக்காவின் ஓராண்டுச் சலுகை இங்கே அதே வடிவில் கிடையாது. காப்புரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு 12 மாதம் தருவது உண்மைதான். ஆனால் அரசிதழில் அறிவிக்கப்பட்ட கண்காட்சி, கற்றறிந்தோர் சங்கத்தில் வாசித்த கட்டுரை, அந்தச் சங்கத்தின் வெளியீடு போன்ற குறுகிய இடங்களுக்கே அது பொருந்தும். கல்லூரி டெக் ஃபெஸ்ட்டில் வைத்த போஸ்டரையோ, ஆர்கைவ் தளத்தில் ஏற்றிய முன்வரைவையோ, ஷோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் ஏறிய ஆய்வேட்டையோ அது காப்பாற்றும் என்று நம்பி உட்காரக் கூடாது. ஐரோப்பா இதைவிடக் கறார்.

அவசரம் என்றால் ப்ரொவிஷனல், அதாவது தற்காலிக விண்ணப்பம், போடலாம். படிவம் 1, படிவம் 2 போதும். 12 மாதத்துக்குள் கண்டுபிடிப்பை முழுதாக விளக்கும் விவரக்குறிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ப்ரொவிஷனலில் எழுதியதற்கு மட்டுமே அந்தத் தேதி கிடைக்கும். பேப்பரின் சுருக்கத்தை மட்டும் ஒட்டி அனுப்பிவிட்டு மறுவாரம் முழுப் பேப்பரையும் வெளியிட்டால், பேப்பரில் இருக்கிற, ஆனால் ப்ரொவிஷனலில் இல்லாத ஒவ்வொன்றுக்கும் உங்கள் பேப்பரே எதிரி. குறைந்தபட்சம் பேப்பரின் சோதனை முறைப் பகுதி, துணைத் தரவுகள் எல்லாம் உள்ளே போக வேண்டும். வேறு எந்தெந்தப் பொருளை, எந்த அளவில் மாற்றிப் போட்டாலும் வேலை செய்யும் என்பதையும் அதே நாளில் எழுதிவிடுங்கள்.

உயிரித் தொழில்நுட்பத்தில் மறக்கப்படுவது டெபாசிட். புதிய நுண்ணுயிர் ஒன்றை எழுத்தில் முழுமையாக விவரிக்க முடியாது, பொதுமக்களுக்கும் அது கிடைக்காது என்றால், அதை புடாபெஸ்ட் ஒப்பந்தம் (நுண்ணுயிர் டெபாசிட்டுக்கான பன்னாட்டு ஒப்பந்தம்) அங்கீகரித்த சேமிப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். சண்டிகரின் எம்டிசிசி அப்படி ஒன்று. விண்ணப்பத் தேதிக்குள் டெபாசிட் முடிந்திருக்க வேண்டும். சேமிப்பகம் தரும் எண்ணை மட்டும் 3 மாதத்துக்குள் விவரக்குறிப்பில் சேர்க்கலாம். உறைகுளிர் குப்பியை உயிர்ப்பித்துச் சரிபார்க்க அவர்களுக்கு நேரம் வேண்டும், அதனால் கடைசி நாளில் கூரியர் அனுப்பிப் பயனில்லை. டிஎன்ஏ வரிசைகள் இருந்தால் 2022 ஜூலை முதல் எஸ்டி.26 எனும் பன்னாட்டுத் தர வடிவ எக்ஸ்எம்எல் கோப்புதான். மாதிரி எந்த ஊர் மண்ணிலிருந்து எடுத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்திய உயிர்வளம் என்றால் சென்னை தரமணியில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தையும் கடந்தாக வேண்டும். இந்திய நிறுவனங்களுக்கு இப்போது காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன் பதிவு செய்தால் போதும்.

கம்பியில்லாத் தொடர்பில் சிக்கல் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு: கணித முறை, அல்காரிதம், வெறும் கணினி நிரல் எதற்கும் காப்புரிமை இல்லை. ‘சானல் மதிப்பீட்டுக்குப் புதிய அல்காரிதம்’ என்று தலைப்பு வைத்தால், நிராகரிக்கக் காரணம் தேடும் வேலை காப்புரிமை அலுவலகப் பரிசோதகருக்கு மிச்சம். பைலட் சிக்னல் (பாதையை அளக்க அனுப்பும், முன்பே தெரிந்த சிக்னல்) எந்த ஆன்டெனாவில் வருகிறது, ரிசீவரின் எந்தப் பகுதி அதை என்ன செய்கிறது, அதே பைலட் அளவில் அதே பிழை விகிதத்துக்கு எத்தனை டெசிபெல் மிச்சம் என்று எழுத வேண்டும். உரிமைக் கோரலை அனுப்பும் பக்கத்துக்கு எழுதுவதா, பெறும் பக்கத்துக்கு எழுதுவதா என்பதும் முக்கியம். பெறும் பக்கத்தின் டிகோடர் சில்லுக்குள் நடப்பதை வெளியிலிருந்து நிரூபிப்பது கடினம். அனுப்பும் பக்கத்தின் குறியாக்கம் தர ஆவணத்திலேயே எழுதப்பட்டிருக்கும். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தின் ஐஆர்ஏ எனும் பிழைதிருத்தக் குறியீடுகள் வைஃபை தரத்தோடு இப்படித்தான் பொருத்திக் காட்டப்பட்டன. ஆப்பிளும் பிராட்காமும் 110 கோடி டாலர் தர வேண்டும் என்று 2020இல் ஜூரி சொன்னது, 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தொகையை ரத்து செய்தது, 2023இல் சமரசம். அந்தக் காப்புரிமைகளை எதிர்க்க ஆப்பிள் எடுத்துவந்த ஆவணங்களில் ஒன்று எது தெரியுமா? கண்டுபிடிப்பாளர்கள் மூவரில் இருவர் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரை. கால்டெக் தப்பித்தது, ஆனால் வருடக்கணக்கில் வாதாடித்தான்.

பொருள் வேதியியலில் கேள்வி எப்போதும் தரவு பற்றியது. கைட்டோசானும் இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடும் கலந்து ஆர்செனிக் வடிகட்டி செய்தீர்கள் என்றால், 3(ஈ) பிரிவின்படி அது வெறும் கலவை இல்லை என்று காட்ட வேண்டும். முதலாவது மட்டும், இரண்டாவது மட்டும், இரண்டும் சேர்ந்து என மூன்றுக்கும் ஒரே நீர், ஒரே பிஎச், ஒரே தொடர்பு நேரம். சேர்ந்தது தனித்தனிக் கூட்டுத்தொகையைத் தாண்ட வேண்டும். இந்தத் தரவு ஆட்சேபம் வந்த பிறகு தேடும் பொருள் அல்ல. அதற்குள் மாணவர் வேலைக்குப் போயிருப்பார். டோப்பிங் (வேறு தனிமத்தைச் சிறிதளவு சேர்ப்பது) 0.01 முதல் 0.10 வரை என்று கோரிவிட்டு 0.05 மட்டும் செய்து பார்த்திருந்தாலும் அடி விழும். இரு முனைகளையும் செய்யுங்கள், எல்லைக்கு வெளியே ஒன்று செய்து அது தோற்பதையும் காட்டுங்கள். சூடாக்கும் வேகம், நிறுத்தும் நேரம், வாயு மூன்றையும் எழுதுங்கள். பேட்டரிப் பொருளான லித்தியம் இரும்பு பாஸ்பேட்டைக் காற்றில் சுட்டால் இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து வேறு பொருளாகிவிடும். ‘ஆர்கானில்’ என்ற ஒரு சொல் விட்டுப்போனால் படிப்பவரால் அதைச் செய்ய முடியாது.

செலவு ஒரு காரணமே இல்லை. 2021 திருத்தத்துக்குப் பின் கல்வி நிறுவனத்துக்கு விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், பரிசோதனைக் கோரிக்கைக்கு 4,000. முதல் 30 பக்கம், 10 கோரல்களுக்கு மேல் போனால்தான் கூடுதல் கட்டணம். விண்ணப்பத்தைப் பரிசோதிக்கக் கேட்கும் இந்தக் கோரிக்கை தானாகப் போகாது, தனியாகக் கொடுக்க வேண்டும். 2024 மார்ச் முதல் அதன் கெடு 48 மாதத்திலிருந்து 31 மாதமாகக் குறைந்துவிட்டது. பழைய அட்டவணையை நம்பியிருக்கும் கல்லூரிகள் விண்ணப்பத்தை இழக்கும். ஆட்சேப அறிக்கை வந்தால் பதிலுக்கு 6 மாதம்.

வெளிநாட்டுக் கூட்டாளி ‘நாங்கள் அங்கே முதலில் போட்டுவிடுகிறோம்’ என்றால் சட்டென்று தலையாட்ட வேண்டாம். இந்தியாவில் வசிக்கும் கண்டுபிடிப்பாளர் ஒருவர் இருந்தாலும் 39ஆம் பிரிவு பாயும்: இங்கே போட்டு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும், அல்லது படிவம் 25இல் முன் அனுமதி வாங்க வேண்டும். மீறினால் இந்திய விண்ணப்பமும் போகும், தண்டனையும் உண்டு.

கண்டுபிடிப்பாளர் பெயர்ப் பட்டியல், பேப்பரின் ஆசிரியர் பட்டியல் அல்ல. கருவியை இரவல் தந்தவர், துறைத்தலைவர் யாரும் இதில் வர மாட்டார்கள். கருத்தைத் தந்த முதுநிலை மாணவர் வருவார். நிறுவனத்துக்கு உரிமை மாற்றிய கையெழுத்தை விண்ணப்பித்த 6 மாதத்துக்குள் தர வேண்டும். அதனால் அந்த மாணவருக்கு நோ டியூஸ் கொடுக்கும் முன்பே கையெழுத்து வாங்கி வையுங்கள்.