தெரியாது என்றேன்

"அவர் கன்சல்டன்டா, வேற ஆளா?" என்று தனிப்பிரிவு போலீஸ்காரர் கேட்டார். "தெரியாது ஸயா" என்றேன். பர்மிய மொழியில் ஸயா என்றால் ஐயா.

பொய் இல்லை. உண்மையிலேயே எனக்குத் தெரியாது. ஆனாலும் 2014-இல் மியான்மரின் யாங்கோனில் (பழைய ரங்கூன்) ஒரு டீக்கடையில் சொன்ன அந்த ஒரு சொல் இன்னும் என்னை விடவில்லை.

போலீஸ்காரர் கேட்டது, கன்சல்டன்ட் என்று சொல்லி வந்திருந்த ஒரு வெளிநாட்டுக்காரரைப் பற்றி. நான் அவருக்கு மொழிபெயர்ப்பாளன். டெலினோர், ஊரீடூ என்ற வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குச் செல்போன் உரிமம் கிடைத்து, வெளிநாட்டார் வந்து குவிந்த நேரம். இந்தக் கம்பெனி யாருடையது, பங்கு யார் பெயரில், எந்த ஜெனரலின் மருமகன், துறைமுகத்தை ஒட்டிய நிலத்தை வாங்கியது யார் என்றுதான் எப்போதும் கேட்பார். அமெரிக்கத் தடைப் பட்டியலில் உள்ள ஆளோடு கூட்டுச் சேர்ந்தால் தன்னை அனுப்பிய கம்பெனி மாட்டிக்கொள்ளும் என்பார். நியாயம்தான். ஆனால் உளவு பார்க்க வந்தவனும் இதே கேள்விகளைத்தானே கேட்பான்?

"வியாபார ஆள்தான் ஸயா" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவருக்கு நான் ஜாமீன் நின்ற மாதிரி ஆகிவிடும். பிரச்சினை வந்தால் அவர் விமானம் ஏறிவிடுவார். எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினரின் குடியுரிமையைக் கேள்விக்குறியாக்கிய 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, அடையாள அட்டையை அதிகாரி கையில் வாங்கினாலே எங்கள் வீட்டில் வயிறு கலங்கும். நான் வேறென்ன செய்திருக்க முடியும்? அந்த ஊரில், அந்த ஆளிடம், "தெரியாது" என்றால் "இருக்கலாம்" என்று அர்த்தம். அதுவும் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

மூன்று வாரத்தில் அவருக்கு விசா நீட்டிப்பு மறுக்கப்பட்டது. அதற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம். விமான நிலையத்தில் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, பதவி இழந்த தலைவி ஆங் சான் சூ ச்சீயின் பொருளாதார ஆலோசகராக இருந்த ஆஸ்திரேலியர் ஷான் டர்னலைக் கைது செய்தார்கள். வெள்ளைக்காரன் காலத்து 1923 ரகசியச் சட்டத்தில் மூன்று வருடத் தண்டனை. 2022 நவம்பரில் விடுதலை. செய்தியைப் படித்த நிமிடமே, அவர் நிரபராதி என்று வீட்டில் அடித்துச் சொன்னேன். நேரில் பார்த்தே இராத மனிதருக்காக அப்படிப் பேசிய நான், ஏழு மாதம் ஒரே காரில் போய்வந்த மனிதரைப் பற்றி ஏன் வாயைத் திறக்கவில்லை?

ஆனால் ஒன்று. அந்த 2014-இல் அவரோடு தீலாவா துறைமுகத்துக்குப் போகும்போது, தன்லின் பாலத்துக்கு முன்னால் எதிரே ராணுவ லாரிகள் வரிசையாக வந்தன. ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த அவருடைய உதடுகள் அசைந்தன. எண்ணினார் என்றுதான் அன்று நினைத்தேன். ஏதாவது பாட்டாகவும் இருந்திருக்கலாம்.