குரல் பதிவு நாட்குறிப்பு: பிரீஆம்ப், கம்ப்ரசர், வீட்டில் ஓர் அறை

ஜூன் 3

இன்று கேபிள் வேலை மட்டும். மைக்கிலிருந்து பிரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பெட்டி), அங்கிருந்து கம்ப்ரசர் (உரத்த இடங்களை அமுக்கும் பெட்டி), கடைசியாக இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் பெட்டி). சறுக்குவது அந்தக் கடைசி இடத்தில்தான். கம்ப்ரசரின் மூன்று பின் எக்ஸ்எல்ஆர் கேபிளை இன்டர்ஃபேஸின் மைக் சாக்கெட்டில் செருகினால், லைன் அளவுக்கு (பெட்டிகளுக்கிடையே ஓடும் வலுவான அளவு) ஏறிவிட்ட சிக்னல் மறுபடியும் ஒரு பிரீஆம்புக்குள் நுழைகிறது. கெயினை (பெருக்கும் அளவை) அடியோடு குறைத்தாலும் உடைந்துதான் ஒலிக்கும். டிஆர்எஸ் (மூன்று தொடுமுனை ஜாக்) கேபிள் போட்டு லைன் இன்புட்டில் கொடுக்க வேண்டும். கண்டென்சர் மைக் இயங்கத் தேவையான 48 வோல்ட் மின்சாரம், மைக் செருகிய பிரீஆம்பில் மட்டும். அதை அணைத்து அரை நிமிடம் கழித்தே கேபிளைத் தொட வேண்டும்.

ஜூன் 4

லெவல். பாட்டிலேயே உரத்த வரியைப் பாடச் சொல்லி, கம்ப்ரசரை பைபாஸில் (அமுக்காமல் சிக்னலை அப்படியே விடும் நிலையில்) வைத்து கெயின் ஏற்றினோம். உச்சம் மைனஸ் 10, சராசரி மைனஸ் 18 டிபி (ஒலி உடையும் எல்லை 0) சுற்றி நின்றால் போதும். 24 பிட் பதிவில் அதற்கு மேல் தள்ளி ஒரு லாபமும் இல்லை. ஒத்திகையில் அடக்கிப் பாடுபவர்கள் டேக்கில் (உண்மையான பதிவில்) 5, 6 டிபி கூடுதலாகப் போவது வழக்கம், அந்த இடைவெளி அதற்காக.

ஜூன் 7

நாள் முழுக்கக் கம்ப்ரசர். 1176 என்ற கம்ப்ரசர் வகையில் அட்டாக் (அமுக்க எடுக்கும் நேரம்) 20 முதல் 800 மைக்ரோசெகண்ட். குமிழை வலப்பக்கம் திருப்பினால் வேகம் கூடும், 7தான் அதிவேகம். மற்ற பெட்டிகளில் பழகிய கை இங்கே தலைகீழாகத் திருப்பிவிடும்.

அட்டாக்கை 7இல் வைத்து ‘பட்டுப் பாவாடை’ என்று சொல்லவைத்துக் கேட்டோம். ‘ட்டு’வின் அடி மழுங்கிவிட்டது. வல்லினம் வந்த கணமே பெட்டி அதை அமுக்கிவிடுகிறது. 3க்கு இறக்கியதும் எழுத்து தெளிந்தது. ரிலீஸையும் (அமுக்கியதை விட எடுக்கும் நேரம்) 7இல் வைத்தால் ஆண்குரலின் கீழ்ஸ்தாயியில் கரகரப்பு. 100 ஹெர்ட்ஸ் சுரத்தில் ஓர் அலைக்கு 10 மில்லிசெகண்ட். பெட்டி குரலின் ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு அலையையே துரத்தத் தொடங்குகிறது.

முடிவில் நின்றது: ரேஷியோ (எல்லை மீறிய 4 டிபியை 1 ஆக்கும் விகிதம்) 4:1, அட்டாக் 3, ரிலீஸ் 5. உரத்த இடங்களில் மட்டும், அமுக்கும் அளவைக் காட்டும் முள் 3 டிபி இறங்க வேண்டும். மெல்லிய வரியிலும் முள் அசைந்தால் இன்புட் அதிகம். பதிவில் அமுக்கியதை அப்புறம் எந்தப் பிளக்-இன்னாலும் (மென்பொருள் கருவியாலும்) நிமிர்த்த முடியாது. ஐயம் வந்தால் குறைவாகவே அமுக்குங்கள்.

ஜூன் 8

சுருதிப்பெட்டி அறையிலேயே ஒலித்தது. குரல் நின்றதும் முள் திரும்புகிறது, சுருதி 3 டிபி எழும்பி வருகிறது. அடுத்த வரியில் மறுபடி அமுங்குகிறது. சுருதியை ஹெட்ஃபோனுக்கு மாற்றியதும் சரியானது. அதுவும் மூடிய வகை ஹெட்ஃபோனாக இருக்க வேண்டும்.

கேட் (ஒலி மெலிந்ததும் அதை அடைத்துவிடும் கருவி) வேண்டாம். கார்வை தேய்ந்து அடங்கும் இடத்தை வெட்டிவிடும். மின்விசிறியை நிறுத்துவதே மேல்.

ஜூன் 12

50 ஹெர்ட்ஸ் உறுமல். லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் போனது, ஆக எர்த் லூப் (கருவிகள் எர்த் வழியே வளையமாக இணைந்து உறுமுவது). பிரீஆம்ப், கம்ப்ரசர், லேப்டாப் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போட்டு, இடையில் இருந்த மோனோ ஜாக் கேபிளை பேலன்ஸ்டு கேபிளாக (இரு சிக்னல் கம்பிகளால் இரைச்சலை ரத்துசெய்யும் வகை) மாற்றியதில் அடங்கியது. எர்த் பின்னை உடைத்து உறுமலை நிறுத்தும் வழக்கம் சிலரிடம் உண்டு. உயிருக்கே ஆபத்து, ஒருபோதும் செய்யாதீர்கள்.

ஜூன் 14

கம்ப்ரசர் இல்லாமல் பதிந்த டேக்கைப் பின்னால் பெட்டி வழியாக அனுப்பினோம்: இன்டர்ஃபேஸின் லைன் அவுட் 3, கம்ப்ரசர், லைன் இன் 3. போய்வருவதில் குரல் தாளத்துக்குப் பின்தங்கும். லாஜிக் ப்ரோ என்ற பதிவு மென்பொருளில், வெளிப் பெட்டியை இணைக்கும் ஐ/ஓ பிளக்-இன்னில் ‘பிங்’ அழுத்தினால் தாமதத்தை அளந்து காட்டும். அளக்கும்போது கம்ப்ரசர் பைபாஸில் இருக்கட்டும். பௌன்ஸ் (பாட்டை ஒரே கோப்பாக எழுதுவது) ரியல் டைமில்தான் நடக்கும், 4 நிமிடப் பாட்டுக்கு 4 நிமிடம்.